பந்தயப் புறாவுக்கு ‘எனர்ஜி ஹார்மோன்’ கொடுக்கலாமா?

கேள்வி: வியாசர்பாடியில் ஹோமர் புறாக்கள் வளர்க்கிறேன். 100 கிலோமீட்டரில் விட்டால் சுறுசுறுப்பாகத் திரும்பும் புறாக்கள், 300 கிலோமீட்டரைத் தாண்டினால் மறுநாள்தான், நெஞ்சு வற்றிப்போய் வருகின்றன. ஒருவர் ‘எனர்ஜி ஹார்மோன்’ என்று சொட்டு மருந்து விற்கிறார். பந்தயத்துக்கு முந்தைய நாள் தண்ணீரில் கலக்க வேண்டுமாம். தைராய்டு மாத்திரையும் தரலாம் என்கிறார். தரலாமா?

பதில்: தராதீர்கள். இரண்டுமே வேண்டாம்.

பிராய்லர் கோழியின் நெஞ்சுக்கறி வெளுத்திருக்கும். புறாவின் நெஞ்சுச் சதையோ கருஞ்சிவப்பு. மணிக்கணக்கில் கொழுப்பை எரித்தே இயங்கும் மெல்லிய தசைநார்களின் நிறம் அது. இடையிடையே பருத்த, வெளிறிய நார்களும் உண்டு. அவை சேமித்த மாவுச்சத்தை எரித்துச் சட்டென்று மேலெழும்ப உதவும். பரோடா பல்கலைக்கழகத்தில் ஜே.சி. ஜார்ஜும் அவருடன் பணியாற்றியவர்களும் 1950-களிலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு! இருந்தும், பறவை மருத்துவம் என்றாலே பண்ணைக் கோழிதான் என்ற போக்கு இன்னும் மாறவில்லை. புறாவைத் தூக்கிக்கொண்டு வருபவரைப் பொருட்படுத்த ஆளில்லாததால்தான் இந்தச் சொட்டு மருந்துக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

பறக்கத் தொடங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் புறாவின் உடல், கொழுப்பை எரிபொருளாக்கத் தொடங்கிவிடும். சேமித்த கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடும் முக்கிய ஹார்மோன் குளுக்ககான். அதைப் புறாவின் கணையமே தேவைக்குச் சுரக்கும். அது புரத வகையைச் சேர்ந்தது என்பதால், தண்ணீரில் கலந்து கொடுத்தால் வயிற்றிலேயே செரித்துவிடும். ஆகவே அந்தக் குப்பியில் குளுக்ககான் இருந்தாலும் பயனில்லை.

பிறகு என்னதான் இருக்கும்? பெயரில்லாத குப்பி என்றாலே நான் அஞ்சுவது டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளுக்குத்தான். கொழுப்பு தீர்ந்துபோகும்போது புறாவின் அட்ரினல் சுரப்பி தரும் கார்ட்டிகோஸ்டீரோன் என்ற இயற்கை ஸ்டீராய்டு, தசைப் புரதத்தைக் கரைத்து எரிபொருளாக்கும். உங்கள் புறாக்களின் நெஞ்சு வற்றுவது பெரும்பாலும் அதனால்தான். வெளியிலிருந்து ஸ்டீராய்டு கொடுத்தால் அதே அழிவுக்கு மேலும் வழி திறக்கிறீர்கள். இறகு உதிர்வது நிற்கும், சிறகு முழுதாகத் தெரியும், புறா மிடுக்காக இருப்பதாகத் தோன்றும். இதைக் காட்டித்தான் விற்கிறார்கள். உள்ளே எதிர்ப்பு சக்தி சரிந்து, தொண்டைப் புண் போன்ற நோய்கள் கூண்டையே பிடிக்கும். மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத சரக்கு இது. எந்தக் கடையில் சீட்டு கேட்கிறார்கள்?

ஒரே ஒரு விதிவிலக்கு. கண்ணில் அடிபட்ட புறாவுக்கு மருத்துவர் பரிசோதித்து ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு எழுதித் தரலாம். அது சிகிச்சை, தவறில்லை. ஆனால் கண்ணில் விட்டாலும் அது ரத்தத்தில் கலக்கும். புறாவை இது மிக எளிதில் பாதிக்கும், அதன் அட்ரினல் சுரப்பியே மந்தமாகிவிடும். எனவே அந்தப் புறாவை அந்தப் பருவம் முழுக்கப் பந்தயத்துக்கு அனுப்பாதீர்கள். கண் ஆறிவிட்டது, இனிப் பறக்கும் என்று அவசரப்படாதீர்கள். அதே குப்பியை மற்றப் புறாக்களுக்கும் விடாதீர்கள்.

தைராய்டு மாத்திரை இறகை உதிர வைக்கும், சதையையும் உருக்கும்.

முந்தைய நாள் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். புறாவின் ரத்தச் சர்க்கரை இயல்பாகவே நம்முடையதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. மேலும் சர்க்கரை ஏறினால் குளுக்ககான் குறையும். திரும்பி வந்தபின் கொஞ்சம் கொடுக்கலாம்.

உண்மையான மருந்து தீவனத் தட்டில் இருக்கிறது. பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள் மக்காச்சோளத்தைக் கூட்டி, மாலையில் வறுக்காத, உப்பில்லாத நிலக்கடலை கொஞ்சம் கொடுங்கள். கடலையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. பூஞ்சை பிடித்த கடலை கல்லீரலைக் கெடுக்கும், பார்த்து வாங்குங்கள். தூரத்தையும் 100-லிருந்து ஒரேயடியாக 300-க்குத் தாவாமல் படிப்படியாகக் கூட்டுங்கள். புறாவைக் கையில் பிடித்து, நெஞ்செலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். சதை எலும்பின் விளிம்புவரை நிரம்பியிருந்தால் அனுப்பலாம். விளிம்பு கூராக இடறினால் அந்தப் புறாவை அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே அந்தச் சொட்டைப் பல நாட்கள் கொடுத்திருந்தால், நீங்களாகவே திடீரென்று நிறுத்தாதீர்கள். சுரப்பி ஓய்ந்துபோன புறா அதைத் தாங்காது. குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.