வாசகர் கேள்வி: நெசவாளர்களிடம் தோற்ற நைட்டுகள்

கேள்வி: ஐரோப்பாவில் நைட்டுகள் எனப்பட்ட, குதிரையேறிய கவச வீரர்களின் ஆதிக்கம் துப்பாக்கி வந்த பிறகுதான் முடிந்தது என்று என் மகனின் பாடக்குறிப்பில் இருக்கிறது. அது சரியா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை. துப்பாக்கி பெரிதாகத் தலையெடுப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர்களுக்குப் பலத்த அடி விழுந்துவிட்டது. 1302 ஜூலை 11, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கோர்ட்ரைக் ஊருக்கு வெளியே. அடித்தவர்களில் பெரும்பாலோர் நெசவாளர்கள், கசாப்புக்காரர்கள், துணி வெளுப்பவர்கள் போன்ற கைத்தொழிலாளர்கள். உங்கள் மகன் இந்தப் போரைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோர்ட்ரைக், புரூஜ் எல்லாம் அடங்கிய பிளாண்டர்ஸ் பகுதியின் நகரங்களைப் பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப் தன் பிடிக்குள் கொண்டுவந்திருந்தார். அந்த ஆண்டு மே 18 விடியற்காலையில் புரூஜ் நகரத்தார் கிளர்ந்தெழுந்து, ஊருக்குள் இருந்த பிரெஞ்சுப் படையினரைக் கொன்றார்கள். பழிவாங்க ஆர்ட்டுவா கோமகன் ராபர்ட் தலைமையில் பெரும் படை வந்தது. அதில் குதிரைவீரர்கள் மட்டும் சுமார் 2,500 பேர். வில்லாளிகளும் காலாட்களும் தனி. எதிரே சுமார் 8,000 முதல் 10,000 பேர், கிட்டத்தட்ட எல்லோருமே தரையில் நின்றவர்கள்.

அவர்கள் கையில் இருந்த ஆயுதத்தைச் சொல்லாமல் நகர மனமில்லை. கூடன்டாக் என்று பெயர். ஏறக்குறைய ஆள் உயரத் தடி, மேல்முனை தடித்திருக்கும், அதில் இரும்புப் பூண், நடுவில் நீண்ட முள். அடிமுனையைத் தரையில் ஊன்றிப் பிடித்தால் பாய்ந்து வரும் குதிரையின் மார்பில் முள் ஏறும். வீரன் கீழே விழுந்துவிட்டால் அதையே ஓங்கி அடிக்கலாம். ஒரு போர்க்குதிரையின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமே இல்லை.

ஆனால் வெற்றியைக் கொடுத்தது தடி மட்டுமல்ல. குதிரைப்படைப் பாய்ச்சலின் பாதி பலம் எதிரியின் பயம்தான். இரும்பு போர்த்திய நூற்றுக்கணக்கான குதிரைகள் மண் அதிர வரும்போது காலாட்கள் சிதறி ஓடுவார்கள், நைட்டுகள் விரட்டி வெட்டுவார்கள். ஓடாமல் நின்றால் கணக்கே மாறிவிடும். ஈட்டிமுனைகள் நெருங்கிய வரிசைக்குள் குதிரை லேசில் பாயாது. இங்கே அடுத்தடுத்து நின்றவர்கள் ஒரே தொழில் சங்கத்தவர்கள். பக்கத்துத் தறியில் வேலை செய்தவன்தான் களத்திலும் பக்கத்தில் நின்றான். அவனை விட்டுவிட்டு ஓடி, மறுநாள் எந்தத் தெருவில் முகம் காட்டுவது? முதுகுக்குப் பின்னால் லெய் ஆறு. தலைவர்களோ தங்கள் குதிரைகளை அனுப்பிவிட்டுக் காலாட்களோடு நின்றார்கள். இந்தச் செயலைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

முன்னால் ஓடைகள் குறுக்கிட்டதால் பாய்ச்சலின் வேகம் குறைந்தது. இருந்தும் நடுவரிசை தளர்ந்தது. பிளாண்டர்ஸ் தரப்புத் தலைவர்களில் ஒருவரான யான் வான் ரெனஸ்ஸே பின்னால் வைத்திருந்த படையோடு வந்து அந்த இடைவெளியை அடைத்தார். அப்புறம் பிளாண்டர்ஸ்காரர்கள் முன்னேறி, நைட்டுகளை ஓடைப் பக்கமாகவே நெருக்கினார்கள். பிடிபட்ட நைட்டைப் பணயத் தொகை வாங்கி விடுவதுதான் அன்றைய வழக்கம். அன்று கைதி எடுக்கக் கூடாது என்பது கட்டளை. ராபர்ட் உட்படப் பிரெஞ்சுப் பிரபுக்கள் பலர் மாண்டார்கள்.

கேள்வி: அப்படியானால் அன்றோடு நைட்டுகளின் கதை முடிந்ததா?
– அதே வாசகி

பதில்: அதுவும் இல்லை. 1328-இல் காஸல் போரில் இதே பிளாண்டர்ஸ்காரர்கள் பிரெஞ்சு நைட்டுகளிடம் தோற்றார்கள். குதிரை உதவாத இடம் எது என்று நைட்டுகள் மெல்லக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1346-இல் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த கிரெஸி போரில் ஆங்கிலேய நைட்டுகள் இறங்கி வில்லாளிகளோடு நின்றார்கள். பிரெஞ்சு நைட்டுகள் குதிரையில் பாய்ந்து பாய்ந்து அழிந்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1356-இல் புவாத்தியே களத்தில், பிரெஞ்சு நைட்டுகளிலும் பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள். நடப்பதற்கு வசதியாக ஈட்டிகளை ஐந்தடியாக வெட்டிக்கொண்டு, குதிரையை விரட்டக் காலில் கட்டிய குதிமுட்களைக்கூடக் கழற்றினார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோசார் எழுதியிருக்கிறார். அப்போதும் வெற்றி கிட்டவில்லை, பிரெஞ்சு மன்னரே சிறைப்பட்டார். சரி, குதிரை வீணா என்றால் 1429-இல் பட்டே போரைப் பாருங்கள்: ஆங்கிலேய வில்லாளிகள் குதிரைகளைத் தடுக்கும் முளைக்கம்புகளை நட்டு முடிப்பதற்குள் பிரெஞ்சுக் குதிரைப்படை பாய்ந்து நொறுக்கிவிட்டது.

கேள்வி: கோர்ட்ரைக் போருக்குத் ‘தங்கக் குதிமுள் போர்’ என்றும் பெயராமே? அந்தக் குதிமுட்கள் இன்றும் இருக்கின்றனவா?
– ஒரு கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: குதிகாலில் கட்டி, குதிரையைக் குத்தி விரட்டும் முள் அது, தங்க முலாம் பூசியது நைட்டின் அடையாளம். இறந்தவர்களிடமிருந்து கழற்றிய நூற்றுக்கணக்கான குதிமுட்களைக் கோர்ட்ரைக் மாதா கோயிலில் தொங்கவிட்டார்கள். 1382-இல் வெஸ்ட்ரோஸபேக் போரில் வென்ற பிரெஞ்சுப்படை அவற்றை எடுத்துக்கொண்டு ஊரையும் கொளுத்தியது. ஆக்ஸ்ஃபோர்ட் நியூ காலேஜுக்குச் சொந்தமான பழைய மரப்பெட்டி ஒன்றின் முகப்பில் இந்தப் போரைச் செதுக்கியிருக்கிறார்கள். படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். தொழில் சங்கங்களின் கொடிகளும், அவற்றின் கீழ் கூடன்டாக் ஏந்திய ஆட்களும் தெரிவார்கள்.