இரவு ஷிஃப்டுக்கு ##### வருவது ஏன்?

இரவு 10 முதல் காலை 6 வரை செக்யூரிட்டி ஷிஃப்ட் போட்டால் எக்செல் ##### காட்டுகிறது என்கிறீர்கள். கட்டத்தை அகலமாக்கிப் பயனில்லை. எக்செலுக்கு ஒரு நாள் என்றால் 1. இரவு 10 மணி 0.9167, காலை 6 மணி 0.25. முடியும் நேரத்திலிருந்து தொடங்கும் நேரத்தைக் கழித்தால் மைனஸ்தானே வரும்? மைனஸ் நேரத்தைக் காட்ட அதற்குத் தெரியாது.

முடியும் நேரம் தொடங்கும் நேரத்தைவிடக் குறைவு என்றால் விடையோடு 1 கூட்டும்படி ஃபார்முலாவில் இஃப் (IF) போடுங்கள். 0.3333 வரும், அதாவது 8 மணி நேரம்.

அப்புறம், மாத மொத்தத்தையும் பாருங்கள். 26 ஷிஃப்ட், 208 மணி நேரம். சாதாரண நேர ஃபார்மட்டில் முழு நாட்களை விட்டுவிட்டு வெறும் 16:00 என்று நிற்கும், சம்பள நாளில் சண்டைதான். மொத்தத்தை 24-ஆல் பெருக்கி நம்பர் ஃபார்மட்டுக்கு மாற்றிவிடுங்கள். இதற்காக மட்டும் தனி சாஃப்ட்வேர் வாங்குவது தண்டச் செலவு.