பட்டனை அமுக்கினால் பதிலில்லை

கே: பத்து வருடப் பழைய டெஸ்க்டாப். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. பீப் சத்தமும் இல்லை.

ப: என் மேஜைக்கு வரும் இந்த மாதிரிப் பெட்டிகளில் பாதிக்கு மேல் ரேம் கோளாறுதான். பிளக்கைப் பிடுங்குங்கள். ரேமைக் கழற்றி, தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, கிளிப் ‘டக்’கென்று பூட்டும்வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயுத பூஜைக்குத் துடைத்தவர்கள் பலர் அதை மதர்போர்டில் மாற்றிச் செருகியிருப்பார்கள்.

கே: கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. உடனே தீர்வு சொல்லவும்.

ப: கடிதமே இவ்வளவுதான். லைட் எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, கடைசியாக எப்போது ஓடியது, எதுவும் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) பின்னால் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், அது ஆஃபில் இருக்கிறதா பாருங்கள். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொல்கிறேன். மீதியை விவரமாக எழுதுங்கள்.

கே: தினமும் தேதி 2009 ஜனவரிக்குப் போய்விடுகிறது. எஃப்1 அமுக்கினால்தான் மேலே நகர்கிறது.

ப: போர்டில் இருக்கும் காசு வடிவ சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையில் கிடைக்கும், ஐம்பது ரூபாய் பக்கம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். பிளஸ் குறி மேலே.

கே: பட்டனை அமுக்கினால் அசைவே இல்லை. கடையில் “போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க” என்கிறார்கள். நம்பலாமா?

ப: மல்டிமீட்டரை எடுத்து எதையாவது அளந்தார்களா? அளக்கவில்லை என்றால் நம்பாதீர்கள். பட்டனை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போர்டுக்குச் சாவுமணி அடிப்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. எனக்கே ஒருமுறை இந்தத் தீர்ப்பு கிடைத்தது. பெட்டியைத் திரும்பத் தூக்கிவந்து திறந்தால், முன்பக்கப் பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் கோளாறு!

வரிசையாகப் போங்கள். போர்டின் ஓரத்தில் பவர் ஸ்விட்ச் ஒயர் செருகியிருக்கும் இரண்டு பின்களை, ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொடுங்கள். ஓடினால் பட்டன்தான் பழுது. ஓடாவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெரிய கனெக்டரை போர்டிலிருந்து கழற்றுங்கள். அதில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்த பிறகு மின்சாரம் கொடுங்கள். அதன் ஃபேன் அசையவில்லை என்றால் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். தான் போயிருக்கும். சுற்றினால் மட்டும் போதாது. மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட், ஐந்து சதவீதம் முன்னே பின்னே, மீட்டரில் வர வேண்டும்.

அதுவும் சரியாக இருந்தால் ப்ராசஸர் சாக்கெட் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். நிற்கும் உருளைக் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி போல உப்பியோ, பழுப்புக் கசிவோடோ இருந்தால் அதுதான் நோய். 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது ஒரு கொள்ளைநோய். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். (உள் மின்தடை குறைந்த) வகை என்று கேட்டு வாங்கி, சால்டரிங் தெரிந்தவரிடம் மாற்றச் சொல்லுங்கள். காசு சில பத்து ரூபாய்தான், கூலி தனி. இத்தனையும் பார்த்த பிறகு ஒருவர் “போர்டு போச்சு” என்றால் நானும் தலையாட்டுகிறேன்.

கே: எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து தூசி தட்டலாமா?

ப: கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் தங்கியிருக்கலாம். வெளியிலிருந்து பிளோயர் அடியுங்கள், போதும்.

கே: கேபினட்டைத் தொட்டால் ‘சுர்’ரென்கிறது.

ப: வீட்டில் எர்த் இல்லை, அல்லது மூன்றாவது பின்னை யாரோ உடைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் மெக்கானிக்கை விடுங்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கே: ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்கிறது, விண்டோஸ் வரவில்லை. பத்துத் தடவை ஆன் செய்து பார்த்துவிட்டேன்.

ப: பதினோராவது தடவை வேண்டாம். கல்யாண போட்டோ உள்ளே இருந்தால் டேட்டா ரெகவரி செய்பவரிடம் நேராகக் கொடுங்கள். இல்லாவிட்டால் புது எஸ்.எஸ்.டி. வாங்கிப் போடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு.