ஷார்ஜா பள்ளி வேலை: ‘சட்டப்படி இன்சூரன்ஸ்’ என்றால் என்ன கிடைக்கும்?

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். வயது 38. ஷார்ஜாவில் இந்தியப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. ஆஃபர் லெட்டரில் ‘மருத்துவக் காப்பீடு: யுஏஇ சட்டப்படி’ என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எனக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை. கணவரும் 8 வயது மகளும் பிறகு வருவார்கள். இந்த வரியை நம்பிக் கிளம்பலாமா?

பதில்: கிளம்புங்கள். ஆனால் அதற்கு முன் அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று பள்ளியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ‘சட்டப்படி’ என்றால், சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்துக்கு மேல் எதையும் பள்ளி ஒப்புக்கொள்ளவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அந்தக் குறைந்தபட்சம் எமிரேட்டுக்கு எமிரேட் (யுஏஇயில் நம் மாநிலம் மாதிரியான பகுதி) மாறும். அபுதாபியிலும் துபாயிலும் காப்பீடு கட்டாயமாகி வெகுகாலம் ஆகிறது. துபாயின் சட்டம் 2013-ல் வந்தது. ஷார்ஜா, அஜ்மான் போன்ற வட எமிரேட்டுகளில் தனியார் ஊழியர்களுக்குக் கட்டாயமானது 2025 ஜனவரி 1 முதல்தான். அங்கே பள்ளி காப்பீடு எடுக்காமல் உங்களுக்கு ரெசிடென்ஸ் விசா அடிக்க முடியாது. செலவு பள்ளியுடையது, உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. உங்களுக்கு எந்த எமிரேட்டில் விசா என்பதுதான் கணக்கு, எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது இல்லை. துபாயில் வேலை பார்த்துக்கொண்டு வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் குடியிருக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் துபாய் விதிதான்.

வட எமிரேட்டுகளுக்காக அரசு அறிவித்த அடிப்படைத் திட்டத்தின் விலை வருடத்துக்கு 320 திர்ஹம், அதாவது சுமார் எட்டாயிரம் ரூபாய். அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது? கிளினிக்குக்குப் போனால் பில்லில் 25 சதவீதம் உங்கள் பங்கு, ஆனால் 100 திர்ஹத்தைத் தாண்டாது. அதே தொந்தரவுக்கு ஏழு நாளுக்குள் மறுபடி காட்டினால் பங்கு இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் 20 சதவீதம். ஒரு முறைக்கு 500 திர்ஹம், வருடத்துக்கு 1,000 திர்ஹம் வரை நீங்கள் கட்டினால் போதும், அதற்கு மேல் கம்பெனி பார்த்துக்கொள்ளும். இந்த விலைக்கு இது மோசமில்லை.

உங்களுக்கு உறைக்கப்போவது மருந்துச் செலவு. மருந்துக்கு 30 சதவீதம் உங்கள் பங்கு, ஆண்டு வரம்பு 1,500 திர்ஹம். எப்போதாவது காய்ச்சல் வருகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மாதம் தவறாமல் மாத்திரை வாங்குகிறவர் இப்போதே கணக்குப் போட்டுவிட வேண்டும். ஒரு நல்ல சேதி: நாட்பட்ட நோய்களுக்கு இந்தத் திட்டத்தில் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகும் அந்த நோய்க்குக் கம்பெனி பணம் தராத ஆரம்பக் காலம்) கிடையாது. அதனால் சர்க்கரையை மறைக்காதீர்கள். ஏஜென்ட் யாராவது ‘ஃபார்மில் போடாதீங்க மேடம்’ என்று சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். முதல் சில வாரங்களுக்கு வேண்டிய மாத்திரையை டாக்டர் சீட்டோடு இங்கிருந்தே கொண்டுபோகலாம். தூக்க மாத்திரை, வீரியமான வலி மாத்திரை மாதிரியான கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு மட்டும் அந்நாட்டு அரசின் முன் அனுமதி வேண்டும்.

அடுத்தது நெட்வொர்க், அதாவது உங்கள் காப்பீட்டு அட்டை செல்லுபடியாகும் ஆஸ்பத்திரி, கிளினிக், மருந்துக்கடைகளின் பட்டியல். இந்தத் திட்டத்தை அறிவித்தபோது அதில் இருந்தவை 7 ஆஸ்பத்திரி, 46 கிளினிக், 45 மருந்துக்கடை. எனவே பள்ளியின் எச்.ஆரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இன்சூரன்ஸ் கம்பெனி எது, நெட்வொர்க்கின் பெயர் என்ன, எதற்கு எவ்வளவு கிடைக்கும் என்று பட்டியல் போட்ட ‘டேபிள் ஆஃப் பெனிஃபிட்ஸ்’ தாளை அனுப்ப முடியுமா. பெயர் பெற்ற பள்ளிகள் 320 திர்ஹம் திட்டத்தோடு நிற்பதில்லை, இதைவிட நல்ல பாலிசி எடுத்துத் தருகின்றன. தாள் கைக்கு வந்தால் உங்களுடையது எந்த ரகம் என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். ‘வந்து பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால், நானாக இருந்தால் அதை அடிப்படைத் திட்டம் என்றே எழுதிக்கொள்வேன்.

குடும்பத்துக்கு வருவோம். பள்ளி கட்ட வேண்டியது உங்களுக்கு மட்டும். கணவரையும் மகளையும் நீங்கள் ஸ்பான்சர் செய்தால் (உங்கள் பொறுப்பில் விசா எடுத்தால்) அவர்கள் காப்பீடு உங்கள் தலையில்தான், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. அதே 320 திர்ஹம் விலையில் குடும்பத்தினரையும் சேர்க்கலாம். ஒரு வயது முதல் 64 வரை ஒரே விலை.

இன்னொன்று. விசா ரத்தானால் காப்பீடும் அதோடு போகும். ஜூன் கடைசியில் ஒரு பள்ளியை விட்டு ஆகஸ்டு கடைசியில் அடுத்த பள்ளியில் சேர்கிறவர்களுக்கு நடுவில் இரண்டு மாதம் எந்தக் காப்பீட்டு அட்டையும் இருக்காது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியைக்குப் பித்தப்பைக் கல் வலி வந்தது சரியாக அந்த ஜூலையில்தான்.

கேள்வி: அங்கே பள்ளியே காப்பீடு தருவதால், இங்கே குடும்பத்துக்கு எடுத்திருக்கும் ஃப்ளோட்டர் பாலிசியை (எல்லாருக்கும் சேர்த்து ஒரே மருத்துவக் காப்பீடு) நிறுத்திவிடலாமா? வருடம் 22,000 ரூபாய் வீணாகப் போகிறதே.

பதில்: நிறுத்தாதீர்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருவீர்கள். அங்குள்ள அடிப்படை அட்டையை நம்பி இங்குள்ள ஆஸ்பத்திரியில் படுக்க முடியாது. அதைவிடப் பெரிய காரணம் காத்திருப்புக் காலம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடம் வரை கம்பெனிகள் காக்கவைக்கலாம் (2024 ஏப்ரலுக்கு முன் நான்கு). தொடர்ந்து ஐந்து வருடம் பாலிசி ஓடிவிட்டால், நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது, மோசடியை நிரூபித்தால் ஒழிய. நடுவில் விட்டால் இரண்டும் முதலிலிருந்து. நாற்பத்து மூன்று வயதில் சர்க்கரையோடு திரும்பிவந்து புது பாலிசி கேட்டுப் பாருங்கள், அப்போது 22,000 எவ்வளவு மலிவு என்று தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் அந்தத் தொகையும் கொஞ்சம் இறங்கியிருக்கும். வெளிநாடு போகும் விவரத்தையும் புது முகவரியையும் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்து, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பிரீமியத்தைத் தானாகப் பிடிக்கும்படி வங்கியில் சொல்லிவையுங்கள், ரினியூவல் எஸ்.எம்.எஸ். பழைய நம்பருக்கு வந்து பாலிசி காலாவதியானவர்கள் உண்டு.

கேள்வி: டிக்கெட் போட்டுக்கொடுத்தவர், ஒரு டிராவல் இன்சூரன்ஸ் எடுத்தால் போதும், மலிவு என்கிறார். சரியா?

பதில்: விமானம் ஏறும் நாளிலிருந்து அட்டை கையில் வரும் வரையிலான சில வாரங்களுக்குச் சரி. அதற்கு ஒரு மாத பாலிசி எடுங்கள், நானே சொல்வேன். அது திடீர் நோய்க்கும் விபத்துக்கும்தான். சர்க்கரைக்கு மாதாந்திர மாத்திரை, பரிசோதனை எதற்கும் தராது. ரெசிடென்ஸ் விசாவுக்கும் அது செல்லாது.