வாசகர் கேள்வி: பல்லி சொன்ன சங்கதி

கேள்வி: ஐயா, வவுனியாவில் வேலை செய்யும் என் அண்ணாவின் முன்கையில் வலியே இல்லாத ஒரு புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தது. லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி என்று சொல்லி ஊசி போடுகிறார்கள். அதைப் பற்றித் தேடி வாசித்தபோது, அந்த ஒட்டுண்ணியின் இழைமணியில் (கலத்துக்குச் சக்தி தரும் உறுப்பில்) யு.ஜி.ஏ. என்ற மூன்றெழுத்துக் குறி, புரதத்தை அங்கேயே முடிக்கச் சொல்லும் நிறுத்தற் கோடோன் அல்ல என்று இருந்தது. எங்கள் உயர்தரப் பாடக்குறிப்பில் அது மூன்று நிறுத்தற் கோடோன்களில் ஒன்று. எது சரி?
- மாணவி, சாவகச்சேரி

பதில்: இரண்டும் சரி, பிள்ளை. முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 1987-இல், "இழைமணியில் யு.ஜி.ஏ. நிறுத்தாது" என்று விடைத்தாளில் எழுதிய மாணவிக்குச் சிவப்பு மையால் வெட்டிவிட்டேன். மனித இழைமணியில் அது டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்பது 1979-இலேயே வெளிவந்த செய்தி. நூலகம் எரிந்து, புதிய சஞ்சிகைகள் எட்டாத காலம் என்று சாட்டுச் சொல்லலாம்தான். அவளுக்கு மட்டும் எங்கிருந்தோ கிடைத்ததே!

லீஷ்மேனியாவின் கதை இன்னும் விசித்திரமானது. அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் இடமாற்று ஆர்.என்.ஏ.க்களுக்கென்று நம் இழைமணியில் 22 பரம்பரையலகுகள் சொந்தமாக உள்ளன. லீஷ்மேனியாவின் இழைமணியில் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் இழைமணிக்கு வெளியே, கலத்தின் மற்றப் பகுதியிலிருந்து இறக்குமதி. அங்கேதான் சிக்கல். வெளியே யு.ஜி.ஏ. என்றால் "நிறுத்து", உள்ளே அதுவே "டிரிப்டோபான் போடு". ஒரே இடமாற்று ஆர்.என்.ஏ. இரண்டு இடத்திலும் எப்படி வேலை செய்யும்?

டிரிப்டோபானைச் சுமக்கும் இடமாற்று ஆர்.என்.ஏ.யின் எதிர்க்கோடோன் (கோடோனோடு பொருந்தி அதை வாசிக்கும் மூன்று எழுத்துகள்) சி.சி.ஏ. அது டிரிப்டோபானின் வழக்கமான கோடோனான யு.ஜி.ஜி.யை மட்டுமே வாசிக்கும். இழைமணிக்குள் நுழைந்த பிறகு அதன் முதல் எழுத்தான சைற்றோசினிலிருந்து அமைன் கூட்டம் கழற்றப்படுகிறது. அது யுராசில் ஆகிவிடுகிறது. இப்போது எதிர்க்கோடோன் யு.சி.ஏ.; யு.ஜி.ஏ., யு.ஜி.ஜி. இரண்டையும் வாசிக்கும். பருத்தித்துறை பஸ் யாழ்ப்பாணத் தரிப்பிடத்துக்கு வந்ததும் நடத்துநர் பெயர்ப்பலகையைப் புரட்டி வைப்பதைப் பார்த்திருப்பாய். அதே பஸ், அதே சாரதி, பலகை மட்டும் வேறு. பாதிவழியில் வைத்துப் புரட்டினால் என்ன ஆகும்? இந்தத் திருத்தம் வெளியே நடந்தாலும் அதே கூத்துத்தான்: நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் புரதங்கள் வால் முளைத்து நீளும்.

உள்ளே வந்தவை எல்லாமே திருத்தப்படுவதும் இல்லை. பக்கத்து 33ஆம் எழுத்தில் ஒட்டும் ஒரு கந்தக அணு இந்தத் திருத்தத்துக்குக் கடிவாளம் போடுகிறது என்று, தூக்கநோயை உண்டாக்கும் உறவுக்கார ஒட்டுண்ணியில் கண்டிருக்கிறார்கள். எழுத்து மாறும் சங்கதியை 1999-இல் காட்டிய ஆய்வோ, பல்லிகளில் வாழும் லீஷ்மேனியா இனத்தில் செய்யப்பட்டது. ஆக, சொன்னது பல்லிதான். எந்தத் திசையிலிருந்து என்று கேட்காதே.

அண்ணாவின் ஊசி பெரும்பாலும் அந்திமனிச் சேர்மமாக இருக்கும். அதற்கும் இந்த எழுத்து மாற்றத்துக்கும் தொடர்பில்லை. புண் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் தவணையை விட வேண்டாம் என்று சொல். மணல் ஈ கடித்துப் பரவும், அண்ணாவின் புண்ணுக்குக் காரணமான இதே லீஷ்மேனியா இனம் பீகாரில் கல்லீரல், மண்ணீரல்வரை போய் ஆளையே சாய்க்கும். நம் நாட்டில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது.

பரீட்சையில் மூன்று நிறுத்தற் கோடோன்கள் என்றே எழுது. பக்கத்தில் "இழைமணி நீங்கலாக" என்று சேர்த்தால், திருத்துபவர் நானாக இருந்தால் இந்த முறை வெட்டமாட்டேன்.

கேள்வி: மலேரியாக் கிருமியின் இழைமணிக்கும் இடமாற்று ஆர்.என்.ஏ. இப்படி இறக்குமதிதானா?
- ஓய்வுபெற்ற தபால் ஊழியர், காரைநகர்

பதில்: ஆம். அதன் இழைமணி டி.என்.ஏ. ஏறத்தாழ 6,000 எழுத்துகள்தான். புரதத்துக்கு மூன்றே பரம்பரையலகுகள், இடமாற்று ஆர்.என்.ஏ.க்கு ஒன்றும் இல்லை. அந்த மூன்றில் ஒன்றான சைற்றோகுரோம் பி.யைத்தான் அற்றோவாகுவோன் மருந்து தாக்குகிறது. 1995 இடப்பெயர்வில் வன்னிக்குப் போய் நடுங்கிய எனக்குக் கிடைத்தது குளோரோகுயின். அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. 2012-க்குப் பிறகு இங்கே உள்ளூர்த் தொற்று இல்லாததால், 2016-இல் உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றிதழ் தந்தது.