கழுத்துக் கழலை: கண்ணாடித் தட்டில் தெரிவது என்ன?

மட்டக்களப்பில் நீண்ட காலம் நோயியல் ஆய்வுகூடத்தில் இருந்தவன் நான். நுண்காட்டியின் கண்ணாடித் தட்டில் தெரியும் இழையத்தைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். கேட்பவரின் ஊர்ப்பெயர் முன்னால் இருக்கும். மருந்தின் அளவை உங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.

களுவாஞ்சிக்குடி: அம்மாவின் ஊசிப் பரிசோதனையில் 'ஹஷிமோட்டோ, ஹர்த்தில் கலங்கள்' என்று வந்திருக்கு. புற்றுநோயா டொக்டர்? சுரப்புக் குறைவாம், பிறகு ஏன் வீக்கம்?

இல்லை மகள், பயப்படாதீங்க. ஹஷிமோட்டோ என்பது நம் எதிர்ப்புச் சக்தியே கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியைத் தாக்கும் நோய். நல்ல தைரொயிட்டில் கூழ் நிரம்பிய சின்னப் பைகள் நெருக்கமாகத் தெரியும். ஹஷிமோட்டோவில் அவற்றுக்கிடையே கடுகு சிந்தியது போல் கருநீல நிணநீர்க்கலங்கள், அதாவது எதிர்ப்புச் சக்தியின் வெள்ளைக் கலங்கள். சில இடங்களில் அவை திரண்டு, நடுவில் வெளிறிய வட்டத்தோடு, நிணநீர்க்கணுவின் உள்ளே பார்ப்பது போலவே இருக்கும். பைகள் சுருங்கிக் கூழ் வற்றும். மிஞ்சிய கலங்கள் சில பருத்து, இழைமணிகள் (கலத்துக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்புகள்) நிறைந்து, இளஞ்சிவப்புக் குருணையாகத் தெரியும். அவைதான் ஹர்த்தில் கலங்கள். சுரக்கிற இழையம் அழிய, வந்தேறிய கலங்கள் இடத்தை அடைக்கின்றன. தைரொயிட்டைச் சுரக்கச் சொல்லிக் கபச்சுரப்பி அனுப்பும் ஹோர்மோனான ரி.எஸ்.எச்.சும் மிஞ்சியதை விடாமல் தூண்டுகிறது. வீக்கமும் குறைவும் ஒன்றாக வருவது இப்படித்தான். 1912இல் ஹகாரு ஹஷிமோட்டோ நான்கு பெண்களின் சுரப்பியில் இதைக் கண்டு எழுதினார். ஹர்த்தில் கலங்கள் மட்டுமே நிறைந்து, நிணநீர்க்கலங்கள் இல்லாவிட்டால் அது வேறு கதை. அப்போது கட்டியா என்று தேட வேண்டும்.

ஏறாவூர்: ரி.எஸ்.எச். 9. எத்தனை மாத்திரை?

உங்கள் டொக்டரிடம்.

வாழைச்சேனை: கடலோரத்தில் மீன் தின்கிற நமக்கு அயடீன் குறையுமா சேர்? உப்பைக் கூட்டட்டா?

கூட்ட வேண்டாம். அயடீன் குறைவால் வரும் கழலையில் பைகள் கூழால் பெருத்திருக்கும், நிணநீர்க்கலக் கூட்டம் இருக்காது. நம் நாட்டில் 1995 முதல் உப்பில் அயடீன் கட்டாயம். ஹஷிமோட்டோவுக்கு அளவு மீறிய அயடீன் கெடுதல்.

கல்முனை (இடையில்): மரவள்ளியை மறந்திட்டீங்க!

மறக்கவில்லை அண்ணன். மரவள்ளி தின்றால் உடலில் உண்டாகும் தயோசயனேற்று, அயடீன் சுரப்பிக்குள் போவதைத் தடுக்கும். ஆனால் அது கழலையாக மாறுவது அயடீன் குறைந்த ஊரில், அதையே அன்றாடச் சாப்பாடாகத் தின்கிறவர்களுக்கு. கிழமைக்கு ஒருநாள் அவித்துத் தின்பவருக்கு அல்ல. ஹஷிமோட்டோ நம் எதிர்ப்புச் சக்தியே நம் சுரப்பியைத் தாக்குவது. மரவள்ளியை அதற்குள் இழுக்காதீர்கள்.

அக்கரைப்பற்று: ரி.எஸ்.எச். 12...

ஏறாவூருக்குச் சொன்னதுதான்.

திருக்கோவில்: வீக்கம் வற்றிப்போச்சு. தைரொக்சின் மாத்திரையை விடலாமா?

விடாதீங்க தம்பி! அழிந்த பைகள் திரும்பாமலும் வீக்கம் வற்றலாம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். இரும்பு, கல்சியம் மாத்திரைக்கு 4 மணி நேரம் தள்ளி. திடீரென்று கழுத்து வேகமாக வீங்கினாலோ குரல் கம்மினாலோ அன்றே காட்டுங்கள். அரிதாக, இந்த நிணநீர்க்கலங்களிலேயே புற்று வரும்.