39 வயதில் சொரோரிட்டி: மகளின் 529 கணக்கில் கை வைக்கலாமா?

கேள்வி: வணக்கம். எனக்கு 39 வயது, ஹூஸ்டனில் இருக்கிறேன். திருச்சியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கல்யாணம் ஆகி, படிப்பு அப்படியே நின்றுவிட்டது. இங்கே வந்து பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு, கம்யூனிட்டி காலேஜில் செமஸ்டருக்கு இரண்டு பாடம் என்று மூன்று வருடம் படித்து, இரண்டு வருடப் படிப்பான அசோசியேட் டிகிரி வாங்கினேன். இந்த ஆகஸ்டில் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு அக்கவுண்டிங்கில் சேர்ந்திருக்கிறேன். 2027 மே மாதம் முடியும். செமஸ்டருக்கு சுமார் 5,500 டாலர், சேமிப்பிலிருந்து கட்டுகிறோம். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு 20, 21 வயதுதான். அவர்கள் இருக்கும் தெற்காசியப் பெண்களின் சொரோரிட்டியில், அதாவது கல்லூரி மாணவிகள் சங்கத்தில், என்னையும் சேரச் சொல்கிறார்கள். "அக்கா, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் செமஸ்டருக்கு 850 டாலர், பிறகு ஒவ்வொரு செமஸ்டருக்கும் 420. கட்டண விவரத் தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். கணவருக்கு ஆண்டுச் சம்பளம் 1,05,000 டாலர். நான் ஒரு பல் மருத்துவமனையில் பில்லிங் வேலை பார்க்கிறேன், வாரம் 20 மணி நேரம், மணிக்கு 17 டாலர். ஒன்பதாவது படிக்கும் மகளுக்காகப் போட்ட 529 கணக்கில் (கல்விச் செலவுக்கான வரிச் சலுகைச் சேமிப்பு) 18,000 டாலர் இருக்கிறது. அதில் நாங்கள் போட்டது 11,000. இந்தச் செலவை அதிலிருந்து எடுக்கலாமா? இல்லை, மாணவர் கடன் கொஞ்சம் வாங்கிச் சமாளிக்கலாமா? வரியெல்லாம் கணவர்தான் மென்பொருளில் போடுவார். என் படிப்புக்காக எதையும் காட்டியதாக நினைவில்லை. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்பது அவர் கேள்வி.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவரின் கேள்வி. பணத்தைப் பற்றி அவர் கேட்டால் அது நியாயம். வயதைப் பற்றிக் கேட்டால், சொரோரிட்டிகளின் வழக்கம் அப்படி இல்லை. கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட இந்த மாணவர் சங்கங்கள் பெரும்பாலும் கேட்பது நீங்கள் அந்தக் கல்லூரியில் பதிவு செய்த மாணவியா, மதிப்பெண் சராசரி எவ்வளவு என்பதைத்தான். 20 வயதுப் பிள்ளைகளே அதிகம் இருப்பதால் வயது வரம்பு இருப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. 1908-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா போன்ற கறுப்பினப் பெண்களின் சொரோரிட்டிகளில் பட்டம் வாங்கி வேலைக்குப் போனவர்களுக்கென்றே தனிக் கிளைகள் இருக்கின்றன, அங்கே நாற்பது ஐம்பது வயதில் சேருகிறவர்கள் உண்டு. தெற்காசியப் பெண்களின் சங்கங்கள் பிறந்ததும் உங்கள் மாநிலத்தில்தான்: 1998-இல் ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, அதே வருடம் ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா. அவற்றைத் தொடங்கியவர்களுக்கு இன்றைக்கு உங்களைவிடச் சில வயது கூடுதலாகத்தான் இருக்கும்.

அதனால் சேரலாமா என்பதற்கு என் பதில் சேரலாம் என்பதே. எந்தப் பணத்தில் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

529-இல் கை வைக்காதீர்கள். மகள் பேரில் உள்ள கணக்கின் பயனாளியை அம்மா பேருக்கு மாற்றச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதில் சிக்கல் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு வரியில்லாமல் கொடுப்பது கல்விக் கட்டணம், புத்தகம், பாதி நேரமாவது படிப்பவர்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு போன்றவற்றுக்கு மட்டுமே. சங்கச் சந்தா அதில் வராது. சந்தாவுக்காக 1,000 டாலர் எடுத்தால் என்ன ஆகும்? உங்கள் கணக்கில் 18,000-க்கு 7,000 வளர்ச்சி. எடுக்கும் ஆயிரத்திலும் அதே விகிதத்தில் சுமார் 389 டாலர் வளர்ச்சியாகக் கணக்காகும். உங்கள் குடும்ப வருமானத்துக்கு 12 சதவீத வரி, அதோடு 10 சதவீத அபராத வரி, ஆக சுமார் 86 டாலர் போய்விடும். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லாததால் அத்தோடு நின்றது. 86 டாலர் பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம். எனக்கு உறுத்துவது வேறு: மகளுக்கு இன்னும் நான்கே வருடத்தில் அந்தப் பணம் தேவைப்படும். அவள் கணக்கிலிருந்து அம்மாவின் சந்தா போனது என்று வீட்டில் ஒரு பேச்சு வந்துவிட்டால், நீங்கள் அந்தக் கூட்டத்தில் நிம்மதியாக உட்கார மாட்டீர்கள்.

கடனும் வேண்டாம். திருமணமானவர் என்பதால் நிதி உதவி விண்ணப்பத்தில் நீங்கள் பெற்றோரைச் சாராத மாணவி. மூன்றாம் ஆண்டில் 12,500 டாலர் வரை மத்திய அரசுக் கடன் கிடைக்கும். கட்டணம் போக மீதி உங்கள் வங்கிக் கணக்கிலேயே வந்து விழும், அதனால்தான் பலருக்கு அது கடன் என்பதே மறந்துபோகிறது. 2025-26 கல்வியாண்டின் இளங்கலைக் கடனுக்கு வட்டி 6.39 சதவீதம். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 3,500 டாலர் வாங்கிப் பத்து வருடத்தில் அடைத்தால், மாதம் கிட்டத்தட்ட 40 டாலர் வீதம் மொத்தம் 4,745 டாலர் கட்டியிருப்பீர்கள். கடைசித் தவணை போகும்போது உங்கள் வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

3,500 எங்கிருந்து வந்தது, 850-உம் மூன்று தடவை 420-உம் சேர்த்தால் 2,110தானே என்று கேட்பீர்கள். நீங்கள் அனுப்பிய தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேசிய அமைப்பின் கட்டணம், காப்பீடு, கிளைச் சந்தா, பேட்ஜ், நான்குக்கும் நேராக எண் இருக்கிறது. ஐந்தாவது வரி: "மற்றவை, பின்னர் அறிவிக்கப்படும்." அதற்கு நேராக எதுவும் இல்லை. எழுத்துப் பொறித்த ஜாக்கெட், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு டி-ஷர்ட், வேறு ஊரில் நடக்கும் மாநாட்டுக்கு விமான டிக்கெட், ஓட்டல் அறையில் பங்கு, அடுத்த வருடம் உங்களுக்குக் கீழே சேரும் தங்கைக்குப் பரிசுக் கூடை, எல்லாம் இந்த ஒற்றை வரிக்குள்தான் இருக்கின்றன. என்னிடம் வருமான வரித் தாக்கல் செய்யும் ஒரு நர்ஸ், 43 வயதில் இப்படிச் சேர்ந்தவர், சந்தாவை மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டார். அவரைக் கவிழ்த்தது மாநாட்டுப் பயணம். கிரெடிட் கார்டில் தேய்த்தது பதினெட்டு மாதம் இழுத்தது. நான் சேர்த்திருக்கும் 1,400 டாலர் என் அனுமானம்தான். அந்த வரிக்கு உண்மையான எண் என்ன என்று கிளையின் பொருளாளரிடம் கேளுங்கள். போன வருடம் சேர்ந்த ஒரு பெண் மொத்தம் எவ்வளவு செலவழித்தாள் என்று கேட்டால் இன்னும் சரியான பதில் வரும்.

இப்போது நல்ல செய்தி. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, படிப்புக்காக வரியில் எதையும் காட்டவில்லை என்ற அந்த ஒரு வாக்கியம்தான். அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச் சலுகை என்று ஒன்று இருக்கிறது. முதல் நான்கு வருடக் கல்லூரிப் படிப்பை முடிக்காதவர், பட்டத்துக்காகப் பாதி நேரமாவது படிப்பவர், இதைக் கேட்கலாம். வயது வரம்பு கிடையாது. கட்டணத்திலும் புத்தகத்திலும் முதல் 2,000 டாலர் முழுசாக, அடுத்த 2,000-இல் கால்பங்கு, ஆக வருடத்துக்கு 2,500 டாலர் வரை நீங்கள் கட்டும் வரியிலிருந்து நேராகக் கழியும். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 1,60,000 டாலர் வருமானம் வரை முழுச் சலுகையும் உண்டு. உங்கள் இருவர் வருமானமும் சேர்ந்து 1,22,700-தான்.

ஒருவருக்கு வாழ்நாளில் நான்கு வரி வருடங்களுக்கு மட்டுமே இது கிடைக்கும் என்பதால் யோசித்துச் செலவழிக்க வேண்டும். பல்கலைக்கழகப் படிப்பு 2025, 2026, 2027 என்று மூன்று வரி வருடங்களைத் தொடுகிறது. மூன்றிலும் 4,000 டாலருக்கு மேல் கட்டுகிறீர்கள், ஆகவே மூன்றிலும் முழு 2,500. மீதம் இருக்கும் ஒன்றைக் கம்யூனிட்டி காலேஜ் வருடங்களில் எது அதிகம் செலவானதோ அதற்குக் கொடுங்கள். பழைய வருடத்துக்கு 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தாக்கல் செய்ததிலிருந்து மூன்று வருடம் கெடு. செமஸ்டருக்கு இரண்டு பாடம் என்றால் வழக்கமாக ஆறு கிரெடிட், அது பாதி நேரம். ஆனாலும் கல்லூரி அனுப்பிய 1098-டி என்ற கட்டண விவரப் படிவத்தில் பாதி நேரக் கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற இரண்டு வருடங்களுக்கும் ஒன்றுமில்லை என்று விட்டுவிட வேண்டாம், வாழ்நாள் கல்விச் சலுகை என்ற இன்னொன்றில் கட்டணத்தில் 20 சதவீதம் கேட்கலாம்.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. 529-இலிருந்து கட்டிய அதே டாலரைக் காட்டி இந்தச் சலுகையையும் கேட்க முடியாது. கல்விக் கட்டணத்தைச் சேமிப்பிலிருந்து கட்டும் உங்கள் பழக்கம் அதனால்தான் சரியானது, அப்படியே தொடருங்கள். சொரோரிட்டிச் சந்தாவை மட்டும் கல்விச் செலவு என்று இதில் சேர்த்துவிட வேண்டாம். வருமான வரித் துறை அதை ஏற்காது. நன்கொடை என்று காட்டவும் வழியில்லை.

ஆக, வரும் வசந்தத்தில் 2025-க்கான 2,500 டாலர் உங்கள் வீட்டுக்கு வரும். அதில் 1,500-ஐ இந்த வருடச் சொரோரிட்டிச் செலவுக்கு என்று தனிக் கணக்கில் போடுங்கள். மீதி ஆயிரம் மகளின் 529-க்குப் போகட்டும். அடுத்த வருடமும் இதே முறை. பணம் வரும்வரை முதல் செமஸ்டரின் 850-ஐத் தவணையாகக் கட்ட விடுவார்களா என்று கேளுங்கள், பல கிளைகள் ஒத்துக்கொள்கின்றன. தனிக் கணக்கு வறண்டுவிட்டால் அந்த வருடம் மாநாடு கிடையாது, அவ்வளவுதான்.

சந்தாவைவிடப் பெரிய செலவு ஒன்றை நீங்கள் எழுதவே இல்லை. நேரம். வாரக் கூட்டம், புது உறுப்பினர் வகுப்பு, சேவை நாள், சனிக்கிழமை நிகழ்ச்சி என்று சராசரியாக வாரம் ஆறு மணி நேரம் வைத்தால், 15 வாரத்துக்கு 90 மணி. அது மருத்துவமனை வேலையிலிருந்து கழிந்தால் செமஸ்டருக்கு 1,530 டாலர் சம்பளம் போச்சு. தூக்கத்திலிருந்து கழிந்தால் மதிப்பெண்ணில் தெரியும். நிகழ்ச்சிக்கு வராவிட்டால் அபராதம் போடும் கிளைகளும் உண்டு. வேலை, பிள்ளைகளின் பள்ளி நிகழ்ச்சி இவற்றுக்கு விலக்கு உண்டா, பாதியில் விலகினால் பாக்கி எவ்வளவு, இரண்டையும் எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். "அக்காவுக்குப் பார்த்துக்கலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லும் தங்கை அடுத்த வருடம் பட்டம் வாங்கிப் போய்விடுவாள்.

வேலைவாய்ப்புக்காகவும் இதில் சேருவதாக இருந்தால், உங்கள் துறைக்கு அதைவிட நேரான வழி இருக்கிறது. பீட்டா ஆல்ஃபா சை என்பது கணக்கியல், நிதி மாணவர்களின் கௌரவ அமைப்பு, 1919-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆடிட் நிறுவனங்கள் ஆள் எடுக்க வரும் இடம் அது. 39 வயதில் முதல் இன்டர்ன்ஷிப் தேடும் ஒருவருக்கு அந்த அறையில் செலவாகும் ஒரு மணி நேரம் மிகவும் மதிப்புள்ளது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், ஆலோசகராக நான் பீட்டா ஆல்ஃபா சையைத்தான் சொல்வேன்.

ஆனால் நீங்கள் எழுதியது வேலையைப் பற்றி இல்லையே. திருச்சியில் பாதியில் விட்டுவந்த வகுப்பறையைப் பற்றி, "அக்கா, வாங்க" என்று கூப்பிட்ட குரலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்துக்காக இருபது வருடம் எதையும் தனக்கென்று கேட்காத பெண்கள் என் முன்னால் உட்கார்ந்து, 400 டாலர் செலவுக்கு நான்கு தடவை மன்னிப்புக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. உங்கள் படிப்பால் வீட்டுக்குத் திரும்பி வரும் பணம் அது. கணவரிடம் 1040-எக்ஸ் பற்றிய பத்தியை முதலில் படித்துக் காட்டுங்கள், மற்றதை அதற்கப்புறம் பேசலாம்.

பழைய மூன்று வருடங்களின் 1098-டி படிவங்களையும் புத்தக ரசீதுகளையும் எடுத்து வையுங்கள். கட்டணத் தாளின் ஐந்தாவது வரிக்கு எண் கிடைத்ததும் எழுதுங்கள், எந்த வருடத்துக்குத் திருத்தம் போடுவது என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.